கிட்டங்கிக்கு அப்பால்

கல்முனையிலிருந்து மேற்கே போகிற தெருவில் நற்பிட்டிமுனையும் சேனைக்குடியிருப்பும் கழிந்ததும் வீடுகள் சட்டென்று முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு தண்ணீர்தான். மட்டக்களப்பு வாவி வடக்கிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு வந்து, தன் தென்கோடியில் உப்புக் குறைந்து, சதுப்பாகி, ஆற்றுவாழையும் சல்பீனியாவும் மூடிக் கிடக்கிற இடம் இது. அதன் குறுக்கே கிட்டங்கித் தாம்போதி. அக்கரையில் சவளக்கடை. அதற்கு அப்பால் நாவிதன்வெளி, அன்னமலை, வேப்பையடி, சொறிக்கல்முனை, மத்தியமுகாம் என்று வயலும் குளமும் கொலனிகளுமாக ஊர்கள் பரந்து கிடக்கின்றன.

மாரி உக்கிரமானால் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். அக்கரைச் சனங்களுக்கு ஆஸ்பத்திரியும் சந்தையும் கந்தோரும் எட்டாத இடமாகிவிடும். அந்த நாட்களில் இங்கே கடக்கப் பயப்படுவதற்குக் காரணம் உண்டு. 2024 நவம்பர் 26ஆம் திகதி, இங்கிருந்து தெற்கே மாவடிப்பள்ளித் தெருவில், மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை.

நாங்கள் போனது ஐப்பசியின் முற்பாதி. முதல் மழை விழுந்துவிட்டது, பெருமழை இன்னும் இறங்கவில்லை. வயல்களில் தண்ணீர் கட்டி உழுகிறார்கள், சில வட்டைகளில் விதைப்பும் முடிந்துவிட்டது. வடக்கே சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் மரங்கள் இலை உதிர்த்து நிலம் உறையத் தொடங்கும் மாதமும் இதுதான். அங்கே உணவு அடைபடும் நேரத்தில் இங்கே சேறு திறக்கிறது. பறவைகளின் நாட்காட்டியில் இந்த இரண்டும் ஒரே பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

நான் தேடி வந்தது சாம்பல்தலை ஆட்காட்டியை. நம் வயல்களில் எந்நாளும் கத்துகிற ஆக்காட்டியின் உறவு அது. வடகிழக்குச் சீனாவிலும் ஜப்பானிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைப் பெரும்பாலும் வடகிழக்கு இந்தியா, வங்காளதேசம், தாய்லாந்து, கம்போடியாப் பக்கங்களில் கழிக்கும். இலங்கை அதன் வழக்கமான எல்லைக்கு வெகு தெற்கே இருக்கிறது. ஆனாலும் எப்போதாவது ஒன்று இங்கே வந்து, நம் சிவப்பு மூக்கு ஆட்காட்டிக் கூட்டத்தோடு சேர்ந்து சேற்றில் நிற்கும். தலையும் கழுத்தும் சாம்பல் நிறம், மார்பின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை, காலும் அலகும் மஞ்சள், அலகின் நுனி மட்டும் கறுப்பு. நின்றால் பார்வைக்குத் தப்பலாம், பறந்தால் தப்பாது. இறகின் பின்பாதி முழுக்க வெள்ளையாக விரியும். நம் ஆக்காட்டிக்கு அந்த இடத்தில் ஒடுங்கிய வெள்ளைக் கோடுதான் இருக்கும். இந்த வேறுபாட்டை மனதில் பதித்துக்கொண்டுதான் தாம்போதி கடந்தோம்.

கூட வந்தவன் என் மச்சான். ஆட்டோ அவனுடையது. பறவையில் அவனுக்கு நாட்டமில்லை என்று ஊரில் சொல்வார்கள், ஆனால் சின்ன வயதில் அவன் வீட்டுக்குள் ஒரு ஆறுமணிக்குருவி வந்து விழுந்த கதையை அவனிடம் கேட்க வேண்டும். விடியக் காலை குசினிக்குள், விறகு அடுக்கிய மூலையில், பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஒரு குருவி மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்ததாம். "உம்மா சிரட்டையில தண்ணி வெச்சா. பொழுதுபடக்குள்ள எழும்பி மாமரத்துக்குப் போயிட்டு," என்பான். அந்தக் குருவி இமயத்தின் அடிவாரக் காடுகளிலோ மத்திய இந்தியாவிலோ பிறந்து, இரவுகளில் பறந்து, கடைசியில் கடலைக் கடந்து வந்தது. செப்டம்பர், ஒக்டோபரில் களைத்துப்போன ஆறுமணிக்குருவிகள் இலங்கையின் வீடுகளுக்குள்ளும் கட்டடங்களுக்குள்ளும் வந்து விழுவதைப் பழைய பறவை நூல்களும் பதிந்திருக்கின்றன. மச்சானின் உம்மா வைத்த சிரட்டைத் தண்ணீர்தான் இந்தப் பயணத்தின் முதல் பாடம் என்று எனக்குப் படுகிறது. வந்தது எது, எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. களைத்து வந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்திருந்தது.

இலங்கைக்கு வலசை வரும் பறவைகள் மூன்று வழிகளால் வருகின்றன என்று பேராசிரியர் சரத் கொட்டகம விளக்கியிருக்கிறார். இந்தியாவின் மேற்குக் கரையோரமாக வருவது ஒன்று, கிழக்குக் கரையோரமாக வருவது ஒன்று, அந்தமான் பக்கமிருந்து வங்கக் கடலைக் கடந்து வருவது மற்றொன்று. ஆர்க்டிக் கரையிலிருந்து இந்து சமுத்திரம் வரை, 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனையில் நம் தீவு இருக்கிறது. இதற்குத் தெற்கே அந்தாட்டிக்கா வரை வெறும் கடல். ஆகவே இங்கே வருகிற பெரும்பாலானவற்றுக்கு இதுதான் முடிவிடம். மார்ச், ஏப்ரல் வரை இங்கே தின்று, கொழுத்து, திரும்பிப் போக வேண்டியதுதான். நாவிதன்வெளியின் ஒரு வரம்பில் நிற்கிற உள்ளானுக்கு, இந்த வரம்பு கைவிட்டால் ஒதுங்க வேறு நிலம் அதிகம் இல்லை.

சவளக்கடை தாண்டியதும் மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே நீலவால் பஞ்சுருட்டான்கள். கம்பியிலிருந்து தாவி, தும்பியைப் பிடித்து, திரும்பி வந்து கம்பியிலேயே அடித்துத் தின்றன. அந்தத் தும்பிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாரி தொடங்கும்போது வயலுக்கு மேலே கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தும்பிகளில் ஓர் இனம் கடல் கடக்கும் இனம். மாலைதீவில் நன்னீர் நிலை என்று சொல்ல அநேகமாக எதுவும் இல்லாதபோதும் ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபரில் இவை இலட்சக்கணக்கில் அங்கே இறங்குவதை சார்ள்ஸ் அன்டர்சன் என்ற உயிரியலாளர் பல ஆண்டுகள் கவனித்தார். இவை இந்தியாவிலிருந்து காற்றோடு புறப்பட்டு ஆபிரிக்கா வரை போகின்றன என்று 2009இல் எழுதினார். அதே பருவத்தில் அதே கடலைக் கடக்கும் பறவைகள் வழியில் இந்தத் தும்பிகளைத் தின்றுகொண்டு போகலாம் என்பதும் அவருடைய கருத்து.

அப்படிப் போகிற பறவைகளில் அமூர் வல்லூறு ஒன்று. இலங்கையில் அது மிக அரிதாகவே தென்படும். கிழக்காசியாவில் பிறந்து, நாகாலாந்தின் டோயாங் நீர்த்தேக்கத்தருகே இலட்சக்கணக்கில் கூடி, பிறகு தென்னாபிரிக்கா நோக்கிக் கடல் கடக்கும். 2012இல் நாகாலாந்தில் அவற்றை வலை வைத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது உலகத்துக்குத் தெரிய வந்தது. அடுத்த ஆண்டே பாங்டி முதலான ஊர்களின் மக்கள் வலைகளைக் கைவிட்டார்கள். கொன்றவர்களே காவலர்களானதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்களில் நம்பிக்கை பிறக்கிறது.

அன்னமலைப் பக்கம் ஒரு வட்டையின் ஓரத்தில் ஆட்டோவை நிறுத்திவிட்டு வரம்பில் இறங்கினோம். வக்கடை வழியே ஒரு கண்டத்திலிருந்து மறுகண்டத்துக்குத் தண்ணீர் சத்தமாக இறங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீர் இங்கினியாகலையில் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வாய்க்கால்களால் வருவது. 1949இல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் இங்கே கொலனிகளைக் கொண்டுவந்தது. நாலாம் கொலனி, ஏழாம் கொலனி, பதினைந்தாம் கிராமம் என்று எண்களே ஊர்ப் பெயர்களாகின. தமிழரும் முஸ்லிம்களும் காடு வெட்டிக் குடியேறினார்கள். காடு போன இடத்தில் வருடத்துக்கு இரண்டு தடவை சேறாகி, இரண்டு தடவை காய்ந்து, இடையில் பச்சையாகும் ஒரு பெருநிலம் உண்டானது. உள்ளான்களுக்கு வேண்டிய நிலத்தை மனிதன் தன் சோற்றுக்காக உண்டாக்கிக் கொடுத்தான்.

உழுத சேற்றில் முதலில் கண்ணில் பட்டது பொறி உள்ளான். பெயருக்கேற்ப முதுகெல்லாம் பொறிபொறியாக வெள்ளை. அறுபது கிராம் அளவு எடை. ஸ்கண்டிநேவியாவிலிருந்து கம்சட்கா வரையான ஈரக்காடுகளில் முட்டையிடுகிற இனம். இங்கே உழவு இயந்திரத்தின் சில்லுக்குப் பின்னால், கொக்குகளுக்கு நடுவே, நொடிக்கொரு தடவை வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. அப்பால் மஞ்சள் வாலாட்டிகள். நெடுங்கால் உள்ளான்கள் தம் சிவந்த கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தன. இன்னும் அப்பால் அரிவாள் மூக்கன்களும் நத்தைகுத்தி நாரைகளும். மீசை ஆலாக்கள் தண்ணீருக்கு மேலே தாழப் பறந்து நுனி அலகால் எதையோ பொறுக்கின. இவற்றில் எதுவும் அரிதல்ல. ஆனாலும் ஒவ்வொன்றின் மேலும் பைனாகுலரை நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை பார்த்து, அதுதான் என்று உறுதி செய்த பிறகே அடுத்ததற்குப் போனேன். அரிதானதைத் தேடுகிறவன் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான். சாதாரணமானவற்றை முழுமையாகத் தெரியாதவனுக்கு அரிதானது எதிரே நின்றாலும் தெரியாது.

வரம்பில் வந்த ஒரு பெரியவர் எங்களைக் கண்டு நின்றார். தோளில் மண்வெட்டி.

"என்ன தம்பி, ஆனை வந்திரிக்கா?"

"இல்ல ஐயா, குருவி பாக்க வந்தம்."

"குருவிய என்னத்துக்குப் பாக்க? அதுகள் எங்கட வயல்லதானே எந்த நாளும் இரிக்கி."

பைனாகுலரை அவரிடம் கொடுத்தேன். பொறி உள்ளானைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இது ரஷ்யாவிலிருந்து வருகிறது என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்கயோ தூரத்துல இருந்து வாறதெண்டு தெரியும். விதைப்போட வந்து வெட்டுக்குப் பொறகு போற சாமான்தானே," என்றார். ஆக, அவரிடம் ஒரு நாட்காட்டி இருக்கிறது. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவருடைய கணக்கு, எழுதப்படாதது. உள்ளான் நெல்லைத் தின்னுமா என்று கேட்டேன். "அது புழுப்பூச்சி பொறுக்கிற. நெல்லுக்கு ஆக்கினை தாராதான், ராவையில," என்றார். அவர் சொன்னது சரி. சீழ்க்கைத் தாராக்கள் இரவில் கூட்டமாக இறங்கி முளைத்த விதையைத் தின்பது இந்தப் பக்கத்து வேளாண்மைக்காரர்களுக்குப் பெரிய தொல்லை. அதற்காக ஆனைவெடி கொளுத்துவார்கள், விடிய விடிய வாடியில் விழித்திருப்பார்கள். வலசை வருகிற உள்ளான்களோ புழுவும் பூச்சியும் சிறுநத்தையும் தின்பவை. வேளாண்மைக்காரருக்கு அவற்றோடு சண்டையில்லை.

அன்றைக்கு என்னை மிகவும் அலைக்கழித்தது ஊசிவால் உள்ளான். வரம்போரப் புல்லில் கால் வைக்கும்வரை அசையாமல் பதுங்கியிருந்து, வைத்த மாத்திரத்தில் கரகரத்த ஒரு குரலோடு எழும்பிப் போகும். சைபீரியாவிலிருந்து வருவது. இலங்கையில் இந்த வகை உள்ளான்களில் அதிகமாக வருவது இதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் தோட்டத்துரைமார் துவக்கோடு வயல்களில் இறங்கித் தேடியதும் இதைத்தான். இதைப் போலவே இன்னொன்று உண்டு, சுவின்ஹோ உள்ளான். அது இலங்கைக்கு மிக அரிது. இரண்டுக்கும் நிறம் ஒன்று, உருவம் ஒன்று, பதுங்கலும் ஒன்று. வேறுபாடு வாலின் ஓர இறகுகளில்தான் இருக்கிறது. ஊசிவாலுக்கு அந்த இறகுகள் ஊசி அகலத்துக்கு ஒடுங்கியிருக்கும், வாலில் மொத்தம் 26 இறகுகள் அளவில் இருக்கும். சுவின்ஹோவுக்கு எண்ணிக்கை குறைவு, ஓர இறகுகள் சற்று அகலம். பறக்கும் பறவையில் இதை யாரால் எண்ண முடியும்? இறங்கி, வெயிலில் வாலை விரித்துக் கோதும் ஒரு நொடியில் படம் எடுத்தால்தான் வழி.

அப்படி ஒன்று வாலை விரித்தது. வாய்க்கால் ஓரத்தில், ஈரப் புல்லில் நின்று, ஒருபக்கமாகச் சாய்ந்து, வால் இறகுகளை விசிறி மாதிரி விரித்து இறகு கோதியது. மச்சான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். நான் படம் எடுத்தேன். ஓர இறகுகள் புல்லின் நிழலுக்குள் போய்விட்டன. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம். பறவை பார்ப்பவர்கள் தம் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் ஈபேர்ட் தளத்தில், 'ஊசிவால் அல்லது சுவின்ஹோ' என்று இரண்டையும் சேர்த்துப் பதிய ஓர் இடம் உண்டு. அங்கேதான் பதிந்தேன். ஆசைக்காக ஒரு பெயரைச் சொல்லிவிட்டால், நாளைக்கு இந்த வயலைப் படிக்க வருகிற ஒரு மாணவிக்கு நான் பொய்யான தரவைக் கொடுத்தவனாவேன்.

தரவு என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன். இலங்கைப் பறவைகளைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட முதல் பெருநூல் வின்சென்ட் லெக் என்ற பிரித்தானியப் படை அதிகாரியுடையது. தஸ்மேனியாவில் பிறந்தவர். 1868 முதல் 1877 வரை இங்கே பணிபுரிந்தார். அவருடைய நூல் 1878க்கும் 1880க்கும் இடையில் வெளியானது. பிறகு 1955இல், இந்தத் தீவிலேயே பிறந்த ஜி. எம். ஹென்றியின் கையேடு வந்தது. 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகமும், 1976இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய கள பறவையியல் குழுவும் பதிவுகளைத் தொடர்ந்து சேர்த்தன. ஆனால் 1983க்குப் பின்னான போர் ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் பல நீர்நிலைகளைப் பறவை பார்ப்பவர்கள் எட்டவே முடியவில்லை. 1987இல் தொடங்கி ஒவ்வொரு ஜனவரியும் ஆசியா முழுவதும் நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் இந்தப் பக்கத்தில் முறையாக நடக்க வழியிருக்கவில்லை.

மத்தியமுகாம் பக்கம் ஒரு வாடியில் இருந்த காவல்காரக் காக்கா எங்களுக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தபடி, என் பைனாகுலரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"அந்த நாளையில இதக் கழுத்துல போட்டுக்கிட்டு இந்த வரம்புல நடந்திருந்தா ரெண்டு பக்கமும் விட்டிருக்க மாட்டாங்க," என்றார்.

அது உண்மை. தூரத்தைப் பார்க்கிற கண்ணாடியும் குறிப்பெழுதுகிற கொப்பியும் அந்த ஆண்டுகளில் உயிருக்கு உலை வைக்கிற சாமான்கள். ஒரு தலைமுறைக்கு மேல் இந்த வயல்களுக்குப் பறவைகள் வந்துபோயின, வேளாண்மைக்காரர் கண்டார்கள், எழுதுவதற்கு மட்டும் யாரும் இல்லை. ஆகவே அம்பாறைக் கரையோரத்துக்கு ஒரு பறவை அரிது என்று நூலில் படிக்கும்போது நான் சற்று நின்று யோசிக்கிறேன். பறவை வரவில்லையா, பார்ப்பவர் வரவில்லையா? லகுகலை, குமனை போன்ற காப்பகங்களுக்கு மக்கள் போனார்கள், அவற்றின் பட்டியல்கள் நீண்டன. குமனை 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. நாவிதன்வெளி வயல்களுக்கு அப்படி யார் போனார்கள்? வேலியும் பெயர்ப்பலகையும் இல்லாத ஈரநிலம் இது. பறவைகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது.

எழுதுவதால் என்ன ஆகும் என்று கேட்கலாம். கோடியக்கரையில் மும்பை இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல பத்தாண்டுகளாக உள்ளான்களின் காலில் வளையமிட்டு விட்டதால்தான், வேதாரண்யத்துச் சதுப்பில் மேய்ந்த பறவை சைபீரியாவில் குஞ்சு பொரிக்கிறது என்பது ஊகமாக இல்லாமல் அறிவாக மாறியது. மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹியூக்ளின் கடற்காகங்களுக்குச் செய்மதிக் கருவி பொருத்தி, அவை ஆர்க்டிக் ரஷ்யா வரை போய்த் திரும்புவதைப் பின்தொடர்ந்தார்கள். 2022 ஒக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, 13,560 கிலோமீற்றர் எங்கும் இறங்காமல், பதினொரு நாளில் தஸ்மேனியாவை அடைந்தது. யாரும் வழிகாட்டாத ஒரு குஞ்சு அது. பசிபிக் பெருங்கடலுக்கு மேலே தின்னாமல், உறங்க ஓரிடத்தில் இறங்காமல், தன் உடற்கொழுப்பை எரித்துக்கொண்டு போனது. இந்தச் சின்ன உடம்புகளுக்குள் இருக்கிற வலிமையை நினைத்தால், அவை வந்து இறங்குகிற சேற்றின் மேல் நமக்குள்ள கடமை எவ்வளவு என்பது புரிகிறது.

அந்தக் கடமையில் தவறினால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்ததுதான். தென்கொரியாவில் செமாங்கும் சேற்றுநிலத்தை 2006இல் கடற்சுவரால் அடைத்தார்கள். வலசைப் பயணத்தின் நடுவே அங்கே இறங்கிக் கொழுப்பேற்றி வந்த பெரும் கூட்டங்கள் இறங்க இடமின்றிப் போயின. பெரிய நொட் என்ற உள்ளானின் தொகை அதன் பிறகு பெரிய அளவில் சரிந்தது. ஒரு சுவர், ஒரே இடத்தில். அதன் விளைவு அவுஸ்திரேலியக் கரைகளில் தெரிந்தது.

இங்கே அப்படியொரு பெரிய சுவர் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது. கல்முனைக் கரையோரம் மனிதர் நெருங்கி வாழும் ஒடுங்கிய நிலம். கிழக்கே கடல், மேற்கே சதுப்பும் வயலும். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில்தான். கடலோரத்தில் வீடிழந்தவர்களுக்கு நிலம் வேண்டியிருந்தது. பிள்ளைகள் பெருகப் பெருக வளவு வேண்டியிருக்கிறது. மேற்கே நிரப்புவதைத் தவிர அவர்களுக்கு என்ன வழி? வீடில்லாதவனிடம் உள்ளானைக் காட்டி நிலத்தை விடு என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் கிட்டங்கிச் சதுப்பு கல்முனைக்கு வெள்ளம் தாங்கி நிற்கிற இடமும்கூட. அதை நிரப்பினால் தண்ணீர் வேறெங்கே போகும்? குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டி அதன் ஓரங்களை அரிப்பதற்கு ஏழ்மையைக் காரணம் சொல்ல முடியாது. அங்கே நான் கோபத்தோடுதான் நிற்கிறேன்.

வேட்டையும் இருக்கிறது. உள்ளான் இறைச்சி ருசி என்று வலை வைப்பவர்கள் எல்லா ஊரிலும் ஓரிருவர் உண்டு. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் சில இனங்கள் நீங்கலாக இலங்கையின் பறவைகள் எல்லாவற்றையும் காக்கின்றன. பலருக்கு அது தெரியாது. பள்ளியிலும் கோயிலிலும் பாடசாலையிலும் ஒரு தடவை சொன்னால் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை. நாகாலாந்து மனிதர்களைவிட நம் மனிதர்கள் மனங்குறைந்தவர்களல்லர்.

பொழுது சாய்கிற நேரம், காவல்காரக் காக்கா காட்டிய ஒரு தரிசுக் கண்டத்துக்கு வந்தோம். ஆக்காட்டிகள் அங்கே நின்றன. நான் கண்டதிலேயே பெரிய கூட்டம். பாதிப் பறவைகள் எங்களுக்கு முதுகு காட்டி நின்றதால் வெயிலில் எல்லாத் தலையும் ஒரே நிறமாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாக எண்ணி வந்தேன். கறுப்புத் தலை, சிவந்த மூக்கு. கறுப்புத் தலை. ஒரு மஞ்சள் மூக்கு ஆட்காட்டி. மறுபடி கறுப்பு. அப்போது வடக்குப் பக்கமிருந்து ஒரு பூனைப்பருந்து, இறகை வீ வடிவில் தூக்கிப் பிடித்து, வயலுக்கு மேலே தாழ ஆடி ஆடி வந்தது. அதுவும் வலசை வந்ததுதான், மங்கிய தலையும் கபில உடம்புமாக ஒரு பெண் பறவை. கண்டம் முழுக்க எழும்பியது. உள்ளான், ஆலா, கொக்கு, ஆக்காட்டி எல்லாம் ஒரே நேரத்தில். காது அடைக்கிற சத்தம்.

நான் எதிர்பார்த்த தருணம் இதுதான். பறந்தால் தப்பாது. கூட்டத்தின் முன்னிலிருந்து பின்வரை இறகுகளை மட்டும் பார்த்துப் போனேன். ஒடுங்கிய வெள்ளைக் கோடு, ஒடுங்கிய வெள்ளைக் கோடு, கோடு. முழு வெள்ளையாக விரிகிற இறகு ஒன்றுகூட இல்லை. கூட்டத்தின் கடைசியில் கூர்மையான இறகோடு வேகமாகத் திரும்பிய சிறு பறவைகள் சில வேறு தினுசாக இருந்தன. அவை சுற்றி வந்து அடுத்த கண்டத்தில் இறங்கியபோது பார்த்தோம். பொன் உப்புக்கொத்திகள். சைபீரியத் துந்திராவில் கோடையில் கழுத்து முதல் வயிறு வரை கரும்பட்டு அணிந்திருக்கும் பறவை. இங்கே வரும்போது அதைக் கழற்றியிருக்கும். ஒன்றின் வயிற்றில் மட்டும் கறுப்பு இன்னும் திட்டுத்திட்டாக மிஞ்சியிருந்தது. புறப்பட்ட இடத்தின் அடையாளத்தை முழுவதும் உதிர்க்க அதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

மச்சான் பைனாகுலரை என் கையிலிருந்து வாங்கி, அந்த ஒன்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கொப்பியில் எழுதினேன்: இடம், நேரம், வயலின் நிலை, ஒவ்வோர் இனமும் எத்தனை என்று. சாம்பல்தலை ஆட்காட்டி தேடப்பட்டது, காணப்படவில்லை என்பதையும் எழுதினேன். தேடிக் காணாததும் ஒரு பதிவு. அதை எழுதாவிட்டால் அடுத்த தடவை காண்பதற்கு எதனோடு ஒப்பிடுவது?

திரும்பும்போது கிட்டங்கியில் ஆற்றுவாழை தாம்போதியின் ஓரம்வரை ஏறியிருந்தது. இன்னும் இரண்டு பெருமழை விழுந்தால் ஆட்டோ இந்தத் தெருவால் போகாது. ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. அந்த நேரம் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் கருவால் மூக்கனும் வாவியில் நிறைந்திருக்கும், வெள்ளமும் நிறைந்திருக்கலாம். சேனைக்குடியிருப்பில் தோணி வைத்திருக்கும் ஒருவரிடம் இப்போதே சொல்லிவைத்தோம். எத்தனை பேர் என்று கேட்டார். மத்தியமுகாம் பாடசாலை ஒன்றின் விஞ்ஞான ரீச்சர் தன் வகுப்பிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். பெற்றோர் சம்மதித்தால் ஆறு பேர், தோணி தாங்கினால் எட்டுப் பேர். எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி தேடவேண்டும், அது முதல் வேலை. பைனாகுலர் இரண்டுதான் இருக்கிறது. கொழும்பில் இருக்கிற நண்பர்களிடம் பழையது இருந்தால் தரும்படி கேட்டு எழுதியிருக்கிறேன்.